பாலடின் நடத்தை நெறி

பாலடின் நடத்தை நெறி என்பது, டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் முதலிய கற்பனை உலகப் பாத்திரமேற்பு விளையாட்டுக்களில், பாலடின் எனப்படும் புனித வீரர் பாத்திரத்தை ஏற்று ஆடுபவர் கடைப்பிடிக்க வேண்டிய அறக் கட்டுப்பாடுகளின் தொகுப்பு ஆகும். பொய்யுரையாமை, ஏமாற்றாமை, எளியோரைக் காத்தல், முறையான ஆட்சிக்கு மதிப்பளித்தல் ஆகியன இந்நெறியின் முதன்மைக் கூறுகள் ஆகும். பிற பாத்திரங்களின் ஒழுக்கம் பெரும்பாலும் ஆடுபவரின் விருப்பத்தைச் சார்ந்தது. பாலடினுக்கோ அது ஆட்ட விதியாகவே அமைந்துள்ளது.

பெயரும் தோற்றமும்

பாலடின் என்னும் சொல் அரண்மனை சார்ந்தவர் எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. இடைக்கால ஐரோப்பியக் காவியங்களில், பேரரசர் சார்லமேனின் பன்னிரு முதன்மை வீரர்கள் இப்பெயரால் அழைக்கப்பட்டனர். இவர்களுள் ரோலண்ட் புகழ் பெற்றவர். பவுல் ஆண்டர்சன் எழுதி 1961 இல் நூலாக வெளிவந்த "மூன்று இதயங்களும் மூன்று சிங்கங்களும்" என்ற புதினம், விளையாட்டில் இடம்பெறும் பாலடினுக்கு முக்கிய முன்மாதிரியாகக் கருதப்படுகின்றது.

விதிகளின் வளர்ச்சி

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டை கேரி கைகாக்சு, டேவ் ஆர்னசன் ஆகியோர் 1974 இல் வெளியிட்டனர். இதில் ஒருவர் ஆட்ட நடத்துநராக இருந்து கதைச் சூழலை விவரிப்பார். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, அப்பாத்திரம் என்ன செய்யும் என்பதைக் கூறுவர். ஐயத்துக்குரிய முடிவுகளைப் பகடை தீர்மானிக்கும்.

பாலடின் முதன்முதலில் 1975 இல் கிரேகாக் என்ற துணை நூலில் அறிமுகமானது. ஒழுங்கை மீறும் ஒரு செயலைச் செய்தாலும் பாலடின் நிலை நிரந்தரமாகப் பறிபோகும் என்று அந்நூல் விதித்தது. 1978 இல் வெளியான ஆடுவோர் கையேடு இதனை இரண்டாகப் பிரித்தது. ஒழுங்கை மீறிய பாலடின், ஒரு மதகுருவிடம் அதனை ஒப்புக்கொண்டு கழுவாய் தேடலாம். ஆனால் தெரிந்தே தீய செயலைச் செய்தவர் ஒருபோதும் பழைய நிலையை அடைய முடியாது. வருவாயில் 10 விழுக்காட்டை அறப்பணிக்கு அளித்தல், 10 மாயப் பொருட்களுக்கு மேல் வைத்திருக்காமை என்பனவும் அந்நூலின் விதிகளாகும்.

2000 இல் வெளியான மூன்றாம் பதிப்பு, பொய், ஏமாற்று, நஞ்சுப் பயன்பாடு ஆகியவற்றை நேர்மைக்கு மாறானவை என வெளிப்படையாகக் குறிப்பிட்டது. 2008 இன் நான்காம் பதிப்பு, நெறி மீறலுக்கு ஆற்றல் இழப்பு என்னும் தண்டனையை நீக்கியது. 2014 இன் ஐந்தாம் பதிப்பில் ஒரே நெறிக்கு மாற்றாகப் பல சூளுரைகள் இடம்பெற்றன. இவற்றுள் பற்றுறுதிச் சூளுரை வாய்மை, துணிவு, இரக்கம், மானம், கடமை ஆகிய ஐந்தையும் வலியுறுத்துகின்றது. பழிவாங்கும் சூளுரையோ தீயோரை அழிக்க எவ்வழியையும் கையாளலாம் என்கின்றது.

வாய்மையும் கடமையும் மோதும் இடங்கள்

நெறியின் இரு கூறுகள் ஒன்றுக்கொன்று முரண்படும்போதே பெரும் சிக்கல் எழுகின்றது. எடுத்துக்காட்டாக, அடைக்கலம் புகுந்தோரைக் கொல்லத் தேடிவரும் கொடுங்கோலன், அவர்கள் எங்கே என்று பாலடினிடம் கேட்கலாம். உண்மை கூறினால் எளியோரைக் காக்கும் கடமை தவறும். பொய் கூறினால் வாய்மை தவறும். இம்மானுவேல் கண்ட் 1797 இல் எழுதிய கட்டுரை இத்தகைய வினாவையே ஆராய்கின்றது. கொலைகாரனிடமும் பொய் கூறுதல் தகாது என்பது அவரது முடிவு.

விளையாட்டில் மூன்றாவது வழியும் உண்டு. பொய் கூறாதிருத்தல் என்பது கேட்டதற்கெல்லாம் விடையளித்தல் ஆகாது. பாலடின் வாய் திறக்க மறுக்கலாம். வாயிலை மறித்து நின்று போரிடலாம். அதனால் விளையும் இழப்பைத் தாமே ஏற்பதே இப்பாத்திரத்தின் இயல்பு எனலாம். எனினும், பிறர் ஏமாறும் வகையில் உண்மையின் ஒரு பகுதியை மட்டும் கூறுதல் நேர்மையா என்பது குறித்து ஒத்த கருத்து இல்லை.

2019 இல் வெளியான பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பு இச்சிக்கலை விதியாலேயே தீர்க்க முயன்றது. அதில் கட்டளைகள் முதன்மை வரிசையில் தரப்பட்டுள்ளன. இரண்டு மோதினால் மேலுள்ளதையே பின்பற்ற வேண்டும். அப்பாவிகளைக் காத்தல் பொய்யுரையாமைக்கு மேலே வைக்கப்பட்டுள்ளதால், மேற்கண்ட சூழலில் பாலடின் பொய் கூறலாம்.

ஆடுவோரிடையே எழும் சிக்கல்கள்

பாலடின் தனித்து ஆடும் பாத்திரம் அன்று. குழுவில் திருடர் பாத்திரத்தை ஏற்றவரும் இருப்பார். தமக்கு விதிக்கப்பட்ட நெறியைப் பாலடினை ஆடுபவர் பிறர் மீதும் சுமத்தினால், அவர்களின் ஆட்டம் கெடும். மறுபுறம், எதைத் தேர்ந்தாலும் தவறாகும் பொறிகளை நடத்துநர் வேண்டுமென்றே அமைத்தால், அறத் தேர்வு என்பதே பொருளற்றுப் போகும்; நெறியைக் கைக்கொள்ள விரும்பியவரே அதனால் தண்டிக்கப்படுவார். எனவே, நெறியின் பொருள் என்ன, எது மீறலாகும் என்பதை ஆட்டம் தொடங்கும் முன்னரே பேசி முடிவு செய்வதும், மீறல் நிகழும் தறுவாயில் நடத்துநர் எச்சரிப்பதும் நல்ல நடைமுறைகளாகும்.

கணினி விளையாட்டுக்களில்

ரிச்சர்ட் காரியட் உருவாக்கி 1985 இல் வெளியான அல்டிமா 4 இத்துறையில் குறிப்பிடத்தக்கது. வாய்மை, இரக்கம் உள்ளிட்ட எட்டு நற்பண்புகளில் நிறைவடைவதே அதன் நோக்கம். கண் தெரியாத கடைக்காரரிடம் வாங்கும் பொருளுக்கு எவ்வளவு பணம் கொடுப்பது என்பதை ஆடுபவரே முடிவு செய்யலாம். குறைத்துக் கொடுத்தாலும் பொருள் கிடைக்கும்; எச்சரிக்கை ஏதும் வராது. ஆனால் வாய்மை மதிப்பு மறைவாகக் குறையும். கண்டறிந்து தண்டிக்க எவரும் இல்லாதபோதும் நேர்மையைக் கடைப்பிடிக்கின்றாரா என்பதே இங்கு சோதிக்கப்படுகின்றது.