கொட்டுவதும் அடுக்குவதும்

"எழுத உட்கார்ந்தா எல்லாம் ஒண்ணா முட்டி மோதுது சார்" என்றார், திருவொற்றியூரில் என்னோடு காலையில் நடக்கும் நண்பர். துறைமுகத்தில் முப்பது வருஷம் கிரேன் ஓட்டியவர்.

தோன்றுவதையெல்லாம் சரி, தவறு பார்க்காமல் கொட்டிவிட்டுப் பிறகு தரம் பிரிப்பதற்கு 'பிரெய்ன்ஸ்டார்மிங்' என்று பெயர். அமெரிக்க விளம்பரத் துறைக்காரர் அலெக்ஸ் ஆஸ்பர்ன் 1953-ல் எழுதிய புத்தகத்தால் அது பரவியது. கொட்டியதை அடுக்க நம்மிடமே பழைய வழி இருக்கிறது. தொல்காப்பிய மரபியல் நூல் எழுதுவோருக்கு 32 உத்திகள் சொல்கிறது. 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவரும் நன்னூல் பாயிரத்தில் 32 உத்திகளைத் தந்தார். சொல்லப்போவதை முதலில் அறிவிப்பது நுதலிப் புகுதல். மொத்தமாகச் சொல்வது தொகுத்துச் சுட்டல். பிரித்து விளக்குவது வகுத்துக் காட்டல். இயல்களை வரிசைப்படுத்துவது ஓத்துமுறை வைத்தல்.

ராயபுரம் ரயில் நிலையம் பற்றி எழுதியபோது இதைச் செய்து பார்த்தேன். நினைவுக்கு வந்ததையெல்லாம் காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் துண்டு துண்டாக எழுதினேன். 1856 ஜூலை 1-ல் இங்கிருந்து வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்ட தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில், முகப்புத் தூண்கள், மீன் கூடைகள், அப்பாவின் கைப்பிடி. பிறகு கட்டடம், ரயில், மனிதர்கள் என்று மூன்றாக வகுத்தேன். முதல் ரயிலை நுதலிப் புகுந்தேன். ஒரே கதை மூன்று துண்டில் இருந்தது. 'கூறியது கூறல்' நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களில் ஒன்று, இரண்டைக் கிழித்தேன்.

நண்பரோடு கிரேன் ஓட்டியவர்களில் இன்று இருவர்தான் மிச்சம்.

"அடுக்குறது அப்புறம் சார். இன்னிக்கே கொட்டிடுங்க" என்றேன்.