மலையில்லாத வானம்

இரவில் சின்ன விமானத்துக்கு மலைதான் எமன். ஊர்காவற்றுறை, நயினாதீவு, நெடுந்தீவு எல்லாம் தட்டை நிலம். எங்கள் பக்கம் முட்டுவதற்கு மலையே இல்லை. ஆனாலும் 1998 செப்டம்பர் 29, பட்டப்பகலில், பலாலியிலிருந்து இரத்மலானைக்குக் கிளம்பிய லயன் எயார் அன்டனோவ்-24 சுமார் பத்து நிமிடத்தில் தொடர்பற்றுப் போனது. கீழிருந்து சுட்டு வீழ்த்தியிருந்தார்கள். 48 பயணிகள், 7 பணியாளர்கள், எவரும் மிஞ்சவில்லை.

"ஆபத்தென்று தெரிந்தும் ஏன் சேர் ஏறினார்கள்?" என்று வகுப்பில் பிள்ளைகள் கேட்பார்கள். கண்டி வீதி மூடிக்கிடந்த காலம் அது. கொழும்புக்குப் போக ஒன்றில் கப்பல், இல்லையென்றால் விமானம். வேறென்ன செய்வது?

முன்னாள் புலி உறுப்பினர் ஒருவரின் வாக்குமூலத்தை வைத்து, 2012 இல்தான் இரணைதீவுக் கடலடியில் சிதைவுகளைக் கண்டெடுத்தார்கள். 2014 இல் யாழ்ப்பாணத்தில் உடுப்புகளைப் பரப்பி வைத்து, உறவுகளை அடையாளம் காட்டச் சொன்னார்கள்.