பந்தியும் பரிமாறும் ஆட்களும்: அப்பாச்சி சர்வரின் கதை

ரிசல்ட் வரும் நாளில் இணையதளம் படுத்துவிட்டது என்று செய்தி வந்தால், கணினிப் பிரிவில் காலம் தள்ளிய எனக்கு அப்பாச்சியின் பழைய கான்ஃபிக் ஃபைல்தான் ஞாபகம் வரும்.

இல்லினாய் பல்கலைக்கழகத்தின் என்.சி.எஸ்.ஏ. மையத்தில் ராப் மெக்கூல் எழுதிய ஆரம்பகால சர்வர், பக்கம் கேட்டு வரும் ஒவ்வொருவருக்கும் புதிதாக ஒரு பிராசஸை உண்டாக்கும். இலை போட்ட பிறகு பரிமாற ஆள் தேடுகிற மாதிரி! 1994-ல் அவர் அங்கிருந்து விலகினார். அதைப் பயன்படுத்தியவர்கள் சேர்ந்து ஒட்டுப்போட்டுத் திருத்தியதில் 1995-ல் பிறந்தது அப்பாச்சி. ராபர்ட் தாவ் அதற்குக் கொடுத்த புதிய வடிவமைப்பில் ஆட்கள் முன்கூட்டியே பந்தியில் நின்றார்கள். கூட்டத்துக்குத் தக்கபடி கூடவும் குறையவும் செய்தார்கள்.

அதிகபட்சம் எத்தனை பேர்? 'மேக்ஸ்கிளையன்ட்ஸ்' என்ற அந்த ஒரு வரியில்தான் வம்பு. கூட்டம் வந்ததும் பலர் எண்ணை ஏற்றிவிடுவார்கள். பிராசஸ் ஒன்றுக்கு 10 மெகாபைட் என்றால் 150-க்கு 1,500. மெஷினில் இருப்பதோ 512! மிச்சத்துக்கு டிஸ்க்கைத் தேடி ஓடும். பிறகு ஒருவருக்கும் பக்கம் வராது. 40-ல் நிறுத்தினால் மற்றவர்கள் வரிசையில் நிற்பார்கள், ஆனால் வரிசை நகரும். இதை மேலதிகாரிகளுக்குப் புரியவைப்பதுதான் பெரும்பாடு.

2004-ல் இகோர் சிசோயெவ் வெளியிட்ட என்ஜின்எக்ஸ் வேறு வழியில் போனது: ஒரே பிராசஸ் ஆயிரக்கணக்கான இணைப்புகளைக் கவனிக்கும். அப்பாச்சியும் 2012-ல் வந்த 2.4 பதிப்பில் அந்த வரியின் பெயரை 'மேக்ஸ்ரிக்வெஸ்ட்வொர்க்கர்ஸ்' என்று மாற்றியது. பழைய பெயரையும் இன்னும் ஏற்றுக்கொள்கிறது.