அலுவலகக் கடிதம்: தட்டச்சுப் பொறியிலிருந்து மின்னஞ்சலுக்கு

தமிழ்நாட்டு அலுவலகங்களுக்குக் கணினி வந்த வரலாறு பெரும்பாலும் இயந்திரங்களின் வரலாறாகவே எழுதப்பட்டுவருகிறது. ஆனால் அந்த இயந்திரம் மேசைக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே, மின்னஞ்சலுக்கு வேண்டிய திறன்களில் பெரும்பகுதி இங்கே வேரூன்றியிருந்தது. கடிதத்தை உறுப்புகளாகப் பிரித்து அமைப்பதும், நகல் யாருக்குப் போக வேண்டும் என்று தீர்மானிப்பதும், முந்தைய கடிதத்தைச் சுட்டிப் பதில் எழுதுவதும், விசைகளைப் பார்க்காமல் விரைந்து அடிப்பதும் எழுத்தருக்கும் தட்டச்சருக்கும் அன்றாட வேலைகள். இந்தத் திறன் தமிழ் மின்னஞ்சலாக மாறுவதற்குக் குறுக்கே நின்ற பெருந்தடை, தமிழ் எழுத்துக்குக் கணினியில் பொதுக் குறியீடு இல்லாமற்போனதே ஆகும்.

சென்னை மாகாணத்தில் ஐ.சி.எஸ். அலுவலர் டாட்டன்ஹாமின் பெயரால் வழங்கிய கோப்பு நடைமுறையே தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களின் அடித்தளமாக அமைந்தது. அம்முறையில், வந்து சேரும் ஒவ்வொரு தபாலுக்கும் ஓர் எண் இடப்பட்டு, அது உரிய எழுத்தரின் தன்பதிவேட்டில், அதாவது அவர் பொறுப்பிலுள்ள கடிதங்களின் போக்கைக் காட்டும் பதிவேட்டில், ஏறும். அதன்மீது எடுக்கப்படும் ஒவ்வொரு நடவடிக்கையும் அங்கேயே குறிக்கப்படும். வெளியே போகும் கடிதத்திலும் ‘ந.க.எண்’ எனச் சுருக்கி எழுதப்படும் நடப்புக் கணக்கு எண், நாள், அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை ஆகியவை இந்த ஒழுங்கின் உறுப்புகளாக நிற்கும். இவற்றுள் ‘பார்வை’ என்னும் பகுதியே மிகுந்த கவனத்துக்குரியது. எந்தக் கடிதத்துக்கு, எந்த எண்ணுக்கு, எந்த நாளுக்கு இது விடை என்பதைச் சொல்லி, தனித்தனித் தாள்களை ஒரே தொடராகக் கோப்பது அதுதான். முடிந்த கோப்பை எத்தனை ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பதற்கும் இந்த முறை விதி வகுத்திருந்தது.

இந்த வடிவத்தை மக்களிடையே பரப்பியவை தட்டச்சுப் பயிலகங்கள். சிற்றூர்க் கடைத்தெருக்களில்கூட மாடியறைகளில் இயங்கிய இவற்றில், பள்ளியிறுதி முடித்த இளைஞர்களும், குறிப்பாகப் பெண்களும், நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் பயின்றனர். ஆங்கிலப் பொறியில் ‘ஏஎஸ்டிஎஃப்ஜிஎஃப்’ என்றும் தமிழ்ப் பொறியில் ‘யளனகபக’ என்றும் தொடங்கும் விரற்பயிற்சி, மாதக்கணக்கில் அடித்து அடித்துக் கைவிரல்களில் படிந்துவிடும். தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்திவரும் தேர்வில், ஆங்கிலத்தில் இளநிலைக்கு நிமிடத்துக்கு 30 சொற்களும் முதுநிலைக்கு 45 சொற்களும் அடிக்க வேண்டும். அத்துடன் கடிதமும் பட்டியலும் பிழையின்றி அமைத்துக் காட்டவும் வேண்டும். ஆகவே பயிலகம் வேகத்தை மட்டுமன்றி, கடிதத்தின் உருவமைப்பையும் கற்பித்தது. இதன் வரலாற்றுச் சிறப்பு இன்னும் போதிய அளவு உணரப்படவில்லை.

தட்டச்சரின் மேசையில் கார்பன் தாளுக்குத் தனி இடம் உண்டு. வெள்ளைத்தாள், கார்பன், மென்தாள் என்று மாறி மாறி அடுக்கி உருளையில் ஏற்றி அடிக்கும்போது, அடியில் உள்ள ஒவ்வொரு படியும் மேலுள்ளதைவிட மங்கும். எழுத்துப்பிழை நேர்ந்தால் எல்லாப் படிகளிலும் தனித்தனியே அழித்துத் திருத்த வேண்டும். எனவே எத்தனை நகல், யார் யாருக்கு என்பதை அடிக்கத் தொடங்குமுன்பே தீர்மானித்தாக வேண்டியிருந்தது. முதல் பெறுநருக்குத் தெரியாமல் மற்றொருவருக்கு நகல் அனுப்ப வேண்டுமானால், மேல்தாளை எடுத்துவிட்டு, அடிப்படிகளில் மட்டும் அவர் பெயரை அடிப்பது ஆங்கில அலுவலக வழக்கம்.

1971-இல் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரிலுள்ள பிபிஎன் நிறுவனத்தில் ரே டாம்லின்சன் ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்குச் செய்தி அனுப்பி, பெயரையும் கணினியையும் பிரிக்க ‘@’ குறியைப் பயன்படுத்தியதே வலையமைப்பு மின்னஞ்சலின் தொடக்கம். 1977-இலும் 1982-இலும் வகுக்கப்பட்ட தலைப்பு நெறிகள் அனுப்புநர், பெறுநர், நாள், பொருள், நகல், மறைநகல் ஆகியவற்றோடு, செய்திக்கான தனி எண்ணையும் எந்தச் செய்திக்கு இது விடை என்பதையும் உறுப்புகளாக ஏற்றன. ந.க.எண்ணும் பார்வையும் எழுதிப் பழகிய எழுத்தருக்கு இவற்றில் புதுமை மிகக் குறைவு. புதுமை நகலில் இருந்தது. கார்பன் விதித்த வரம்பு நீங்கியதும், ஐம்பது பேருக்கு அனுப்புவது ஒருவருக்கு அனுப்புவது போலவே எளிதாயிற்று; தொடர்பில்லாதவர்களுக்கெல்லாம் நகல் போகும் இன்றைய பழக்கம் அங்கிருந்தே வளர்ந்தது.

இந்தியாவில் 1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் வழியாக இணையம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டபோது, தமிழுக்கு இடர் காத்திருந்தது. யாழ்ப்பாணத்தவரான ஆர். முத்தையா மலாயாவில் வாழ்ந்தபோது வடிவமைத்த தமிழ்த் தட்டச்சு விசைப்பலகையும் அதைத் தொடர்ந்த பொறிகளும், 247 எழுத்துகளையும் சில டஜன் விசைகளுக்குள் அடக்கியிருந்தன. புள்ளி, இகர ஈகாரக் குறிகள் ஆகியவற்றுக்கு நகரா விசைகள் இருந்தன. அதாவது, அவற்றை அடித்தால் தாள் நகராது, அடுத்து அடிக்கும் எழுத்து அதே இடத்தில் விழும். இதனால் ‘க்’ என்பதற்குப் புள்ளியை முதலிலும் ககரத்தை அடுத்தும் அடிப்பது தட்டச்சரின் பழக்கம். கணினிக்கோ இந்த வரிசை மட்டுமன்றி, எழுத்தே புதிது: மின்னஞ்சல் அடிப்படையில் ஏற்றது 128 இடங்கள் மட்டுமே கொண்ட ஆங்கிலக் குறியீட்டை. 1992-இல் வந்த மைம் நெறி பிறமொழி எழுத்துகளையும் இணைப்புகளையும் அனுப்ப வழிவகுத்தபோதும், எந்த எண் எந்தத் தமிழ் எழுத்தைக் குறிக்கும் என்பதில் உடன்பாடு இல்லை. ஒவ்வொரு எழுத்துரு தயாரிப்பாளரும் தம் விருப்பப்படி இடம் ஒதுக்கியதால், ஓர் அலுவலகத்தில் அடித்த கடிதம் மற்றோர் அலுவலகத்தில் பொருளற்ற குறிகளாகத் திறந்தது.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க முதலில் உழைத்தவர்களில் பலர் தமிழ்நாட்டுக்கு வெளியே இருந்தனர். சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி, மலேசியாவின் முத்து நெடுமாறன், சுவிட்சர்லாந்தின் கு. கல்யாணசுந்தரம் ஆகியோரின் பணி நன்றியோடு நினைக்கத்தக்கது. மின்னஞ்சல் வழி நடந்த விவாதத்திலேயே உருவான டிஸ்கி குறியீடு, தமிழர் தங்களுக்குள் பேசித் தீர்த்த அரிய பொது முடிவு. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்இணையம் 99 மாநாட்டுக்குப் பின் தமிழ்நாட்டரசு டாம், டாப் குறியீடுகளையும் தமிழ்99 விசைப்பலகையையும் ஏற்றது. தமிழ்99-இல் மெய்யைத் தொடர்ந்து உயிரை அடித்தால் உயிர்மெய் அமையும். ஒரே மெய்யை இருமுறை அடித்தால் முதலெழுத்துக்குப் புள்ளி தானே விழும். மொழியின் இயல்போடு ஒத்த அமைப்பு இது. எனினும் அரசு அலுவலகத் தட்டச்சர்களின் விரல்கள் பழைய பொறியின் பாதையிலேயே ஓடின. வானவில் போன்ற எழுத்துருக்கள் அந்தப் பழக்கத்துக்கு இடமளித்ததால் பரவின.

1991-இலேயே தமிழை ஏற்றிருந்த, யூனிகோடு எனப்படும் ஒருங்குறியை, 2010-இல் தமிழ்நாட்டரசு டேஸ்16 குறியீட்டோடு சேர்த்துத் தரமாக அறிவித்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் அலுவலகங்கள் ஒரு மாற்றுவழியைப் பழகிக்கொண்டிருந்தன: கடிதத்தைத் தமிழில் அடித்து, அச்சிட்டு, கையெழுத்திட்டு, வருடிப் படமாக்கி, ‘இணைப்பைக் காண்க’ என்ற ஒற்றை வரியோடு அனுப்புவது. அக்கடிதத்தைப் படிக்கலாம், சொல்லைக் கொண்டு தேட இயலாது. பழைய எழுத்துருவில் சேமித்த கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றும் செயலிகள் கிடைக்கின்றன. ஆயினும் எந்தக் கோப்பு எந்த எழுத்துருவில் அடிக்கப்பட்டது என்று அறிந்தால்தான் அவை பயன்படும். அந்த அறிவு அடித்தவரிடமே தங்கிவிடுவதால், பழைய தட்டச்சர்கள் ஓய்வுபெறுவதற்குள் இம்மாற்றத்தை முடிப்பது ஆவணக் காப்பாளர்களுக்கு இன்றைய அவசர வேலையாகும்.