வளைந்தும் முறியாத மாளிகை

ஆங்கில நாட்டுக் கட்டடக் கலையைப் பற்றி உரைப்போர் கல்லால் எழுந்த பேராலயங்களையும் கோட்டைகளையுமே பெரிதும் எடுத்துக்காட்டுவர். ஆயின், தியூடர் காலத்து நிலக்கிழார் பலர் தம் செல்வச் சிறப்பை மரத்திலேயே காட்டினர். அதற்குச் சிறந்த சான்றாக விளங்குவது செஷயர்ப் பகுதியிலுள்ள லிற்றில் மோற்றன் மாளிகையாகும்.

அகழி சூழ்ந்த இம்மாளிகையின் மிகப் பழைய பகுதி 1504 ஆம் ஆண்டிற்கும் 1508 ஆம் ஆண்டிற்கும் இடையில் வில்லியம் மோற்றன் என்பவருக்காக எழுப்பப்பட்டது. அவர் வழிவந்தோர் ஏறக்குறைய 1610 வரை அதனைப் படிப்படியாக விரிவாக்கினர்.

இத்தகைய வீடுகளிற் பாரத்தைத் தாங்குவது சுவரன்று. ஓக்கு மரச் சட்டகமே. ஒரு மரத்தின் கழுந்தை மற்றொன்றின் துளையிற் செலுத்தி, மர ஆணியால் இறுக்குவர். பச்சை மரமே வேலைக்கு உகந்தது; உலர உலர அது வன்மை பெறும். சட்டகத்தின் இடைவெளிகளை வரிச்சுக் கட்டி, மண் அப்பி, சாந்து பூசி நிரப்புவர். 1559 இல் முற்றத்துப் பலகணிகளைச் செய்த தச்சர் றிச்சாட் டேல் தம் பெயரை அவற்றின்மேற் பொறித்துள்ளார். ஒரு தொழிலாளியின் பெயர் வீட்டுடையவர் பெயரோடு நிலைபெற்றமை போற்றத்தக்கது.

தெற்குப் பகுதியின் உச்சியில் ஏறக்குறைய 68 அடி நீளமான நெடுங்கூடம் அமைந்துள்ளது. இது கட்டட வேலை தொடங்கியபின் எழுந்த எண்ணத்தின் விளைவென்பர். அதன் கூரையிற் பரப்பிய மணற்கற் பாளங்களின் பாரத்தால் கீழ்த்தளங்கள் வளைந்து நெளிந்தன. அக்கூடத்தின் இரு முனைகளிலும் விதியும் ஆகூழும் சாந்துருவங்களாகக் காட்சி தருகின்றன. றொபேட் றெக்கோட் 1556 இல் வெளியிட்ட வானியல் நூலின் முகப்புப் படத்தைத் தழுவிய அவ்வுருவங்கள், விதியின் கோளத்தை அறிவும் ஆகூழின் சக்கரத்தை அறியாமையும் ஆள்வதாக உணர்த்துகின்றன. பாரத்தை முன்கூட்டி எண்ணாது எழுப்பிய கூடத்திலேயே இப்பாடம் அமைந்தமை வியப்புக்குரியது.

ஆகூழின் சக்கரமும் விரைவிற் சுழன்றது. 1642 இல் மூண்ட உள்நாட்டுப் போரில் மோற்றன் குடும்பத்தார் மன்னர் பக்கம் நின்றனர். பாராளுமன்றப் படையினர் மாளிகையைக் கைப்பற்றினர். போருக்குப்பின் குடும்பம் நலிந்தது. மாளிகை குத்தகை உழவர் கைக்கு மாறியது. 19 ஆம் நூற்றாண்டில் அதன் சிற்றாலயம் நிலக்கரி வைக்கும் அறையாயிற்று. எனினும், இவ்வறுமையே மாளிகைக்கு அரணுமாயிற்று. செல்வம் நிலைத்த குடும்பங்கள் பல, பழைய மரவீடுகளை இடித்துச் செங்கல்லாலும் கருங்கல்லாலும் புதுமனை அமைத்தன. மோற்றன் குடும்பத்தார்க்கு அதற்குரிய பொருள் இருக்கவில்லை.

1892 இல் இதனை மரபுரிமையாகப் பெற்ற துறவியார் எலிசபெத் மோற்றன் சிற்றாலயத்தைச் செப்பனிட்டார். நெடுங்கூடத்திற்கு உருக்குத் தண்டுகளைப் பொருத்துவித்தவரும் அவரே எனக் கருதப்படுகின்றது. மாளிகையை ஒருபோதும் விற்றலாகாதென்னும் நிபந்தனையுடன் அவர் அதனைத் தம் உறவினரான டேபி ஆயர் சாள்ஸ் ஏபிரகாமுக்கு விட்டுச்சென்றார். அவர் 1938 இல் அதனை நாஷனல் ட்ரஸ்ட் என்னும் பேணுகை நிறுவனத்திடம் ஒப்படைத்தார்.

இன்றும் அத்தளங்கள் வளைந்தே உள்ளன. செல்வர் இழைத்த பிழையைத் தச்சரின் பொருத்துக்கள் நானூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தாங்கி நிற்கின்றன.