படிப்பை நிறுத்துவது பாதுகாப்பு அல்ல

பூம்பாறையிலிருந்து கல்லூரிக்குப் போகும் பெண் பேருந்து பிடித்துக் கொடைக்கானலுக்குப் போக வேண்டும். இல்லையென்றால் மலை இறங்கி விடுதியில் தங்க வேண்டும். பெண்களுக்கென்றே அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் 1984 முதல் கொடைக்கானலில் இருக்கிறது. ஆனால் மருத்துவமோ சட்டமோ படிக்க ஆசைப்படுகிறவள் மலை இறங்கத்தான் வேண்டும். எங்கோ ஒரு கல்லூரி வளாகத்தில் பாலியல் வன்கொடுமை நடந்ததாகச் செய்தி வரும்போதெல்லாம், எங்கள் பூண்டு வயல்களில் ஒரே கேள்விதான் எழும்: “நம்ம பிள்ளைய எதுக்கு அவ்வளவு தூரம் அனுப்பணும்?” குற்றம் செய்தவன் யாரோ, படிப்பு போவது எங்கள் பெண்ணுக்கு. தடுப்பு என்ற சொல்லுக்கு இதுதானா பொருள் என்று கேட்டுக்கொண்டேதான் இந்த வரலாற்றைப் படித்தேன்.

1998இல் சென்னை எத்திராஜ் மகளிர் கல்லூரி மாணவி சரிகா ஷா, ஆட்டோவில் வந்த ஆண்களின் அத்துமீறலில் கீழே விழுந்து, தலையில் அடிபட்டு இறந்தார். அதே ஆண்டு தமிழ்நாடு அரசு சட்டம் கொண்டுவந்தது. அதன் பெயர் ஈவ் டீசிங் தடைச் சட்டம். ஓர் உயிரைப் பறித்த செயலுக்கும் ‘கேலி’ என்றே பெயர். பின்னர் அந்தச் சொல் நீக்கப்பட்டு, ‘பெண்களைத் துன்புறுத்துதல்’ என்று மாற்றப்பட்டது. அந்தச் சட்டத்தில் நாம் அதிகம் பேசாத ஒரு பகுதி உண்டு: கல்வி நிலையத்தின் பொறுப்பாளர் தன் வளாகத்தில் துன்புறுத்தலைத் தடுக்க வேண்டும், புகார் வந்தால் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அதாவது பொறுப்பு நிர்வாகத்தின் தலையில்.

இதற்கு முந்தைய ஆண்டு, 1997 ஆகஸ்ட் 13 அன்று, உச்ச நீதிமன்றம் விசாகா தீர்ப்பை வழங்கியது. ராஜஸ்தானில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்க உழைத்த பன்வாரி தேவி 1992இல் கூட்டு வன்கொடுமைக்கு ஆளானதுதான் அதன் பின்னணி. ஒரு கிராமத்துப் பெண்ணின் போராட்டத்திலிருந்துதான் பணியிடங்களில் புகார்க் குழு என்ற ஏற்பாடே பிறந்தது. 2013இல் அது சட்டமானது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டு விதிமுறைகள் மாணவிகளையும் தெளிவாக உள்ளடக்கின.

அந்த விதிமுறைகளை ஒவ்வொரு மாணவியும் படிக்க வேண்டும். வளாகத்தில் போதிய வெளிச்சம் வேண்டும், நம்பகமான போக்குவரத்து வேண்டும் என்கின்றன. மாணவர் தொடர்பான புகாரென்றால், தேர்ந்தெடுக்கப்பட்ட மூன்று மாணவப் பிரதிநிதிகள் குழுவில் இருக்க வேண்டும். விசாரணை 90 நாள்களில் முடிய வேண்டும். இன்னொன்று: பாதுகாப்பைக் காரணம் காட்டி, ஆண்களுக்கு இல்லாத கட்டுப்பாட்டைப் பெண்கள் விடுதியில் விதிக்கக் கூடாது. 2015இல் தில்லி மாணவிகள் ‘பிஞ்ச்ரா தோட்’, அதாவது ‘கூண்டை உடை’ என்று திரண்டது விடுதிக் கதவை மாலையிலேயே பூட்டும் இந்த வழக்கத்தை எதிர்த்துத்தான்.

2024 டிசம்பர் 23 இரவு, சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள் ஒரு மாணவி வன்கொடுமைக்கு ஆளானார். அவர் துணிந்து புகார் கொடுத்தார். அவருடைய அடையாளம் அடங்கிய முதல் தகவல் அறிக்கை வெளியே கசிந்தது. ‘அந்த நேரத்தில் அங்கே ஏன் போனாள்?’ என்று ஊரெல்லாம் பேசியது. சென்னை உயர் நீதிமன்றம் மூன்று பெண் ஐபிஎஸ் அதிகாரிகள் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. 25 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கச் சொன்னது. கட்டணம் வாங்காமல் அவர் படிப்பைத் தொடரச் செய்ய வேண்டும் என்று பல்கலைக்கழகத்துக்கு உத்தரவிட்டது. 2025 ஜூன் 2 அன்று குற்றவாளிக்குக் குறைந்தது 30 ஆண்டுகள் சிறையில் கழிக்க வேண்டிய ஆயுள் தண்டனை கிடைத்தது.

தண்டனை பெரிய செய்தியானது. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது படிப்பைப் பற்றிய அந்த உத்தரவு. நடந்ததைச் சொன்னால் வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார்கள் என்ற பயத்தில்தான் எத்தனையோ பெண்கள் வாயைத் திறப்பதில்லை. அந்த மௌனம்தான் குற்றவாளியின் துணிச்சல்.

மகளைக் கல்லூரியில் சேர்க்கப் போகும் எங்கள் மலைத் தாய்மார்களிடம் நான் சொல்வது இவ்வளவுதான். விடுதியை எத்தனை மணிக்குப் பூட்டுவீர்கள் என்று கேட்காதீர்கள். புகார்க் குழுவில் யார் யார் இருக்கிறார்கள், அவர்கள் பெயரும் எண்ணும் எங்கே ஒட்டியிருக்கிறது என்று கேளுங்கள். மகளிடம் ஒரு வாக்குக் கொடுங்கள்: “எது நடந்தாலும் என்னிடம் சொல்லு, உன் படிப்பை நிறுத்த மாட்டேன்.”