எட்டுக் குறைந்த காபன்

மட்டக்களப்பு வாவிக்கரையில் குனிந்து இரண்டு பொருட்களை எடுங்கள். சேற்றில் அழுகும் கண்டல் இலை ஒன்று, கடலோரம் ஒதுங்கிய ஊரி ஒன்று. இரண்டிலும் காபன் உண்டு. காபன் அணுக்களில் நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்று, நிறை 13 கொண்ட பாரமான சமதானி. மற்றவை நிறை 12. இலை, காற்றிலிருந்து இலேசானதையே கூடுதலாக இழுத்துக்கொள்கிறது. அதனால் கடற்சுண்ணாம்பைப் பூச்சியமாக வைத்த அளவுகோலில் அது ஆயிரத்துக்குச் சுமார் 27 குறைவு. ஊரி பூச்சியத்தின் பக்கத்திலேயே நிற்கும்.

இந்த இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு கேகாலை மாவட்டத்துப் போகல சுரங்கத்துக் காரீயத்தைப் பாருங்கள். நம் பென்சிற்கரிதான் அது. நம் வாவிக்கு அடியில் கிடப்பது புவியியலாளர் விஜயன் தொகுதி என்றழைக்கும் பாறை. காரீய நரம்புகள் ஓடுவதோ தீவின் மேற்கிலும் தென்மேற்கிலும்.

ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன், கொண்டுவானாக் கண்டம் ஒன்றுசேர்ந்தபோது, இலங்கை மடகஸ்காருக்கும் தென்னிந்தியாவுக்கும் அயலில் கிடந்தது. ஆழத்தில் வெந்த பாறைகள் பின்னர் வெடித்தன. காபன் சுமந்த பாய்மம் அந்த வெடிப்புகளில் ஏறி, காரீயமாகப் படிந்தது. நூற்றுக்கு 95க்கும் மேல் தூய்மை. அந்தத் தூய்மைதான் 19ஆம் நூற்றாண்டில் அதைக் கப்பலேற்றியது. உலோகம் உருக்கும் மூசைகளுக்கு அது வேண்டியிருந்தது. முதலாம் உலகப்போர்க் காலத்தில் ஏற்றுமதி உச்சம் தொட்டது.

அந்தக் காபன் எங்கிருந்து வந்தது? ஆய்வுகூடத்தில் ஒரு துளித் தூளை ஒட்சிசனில் எரித்துக் காபனீரொட்சைட்டாக்கி, நிறை நிறமாலைமானியில் நிறை 44 கொண்ட மூலக்கூறுகளையும் நிறை 45 கொண்டவற்றையும் ஒப்பிடுகிறார்கள். விடை சுமார் 8 குறைவு. இலையும் இல்லை, ஊரியும் இல்லை. புவியோட்டுக்குக் கீழேயுள்ள மான்டிலின் காபன் 5, 6 குறைவு என்பதால், அங்கிருந்து வந்த பாய்மம் என்று பலர் கருதினார்கள். அந்த முடிவுக்கு நான் அவசரப்பட மாட்டேன். கையிலுள்ள இலையில் மூன்று பங்கும் ஊரியில் ஏழு பங்கும் கலந்தால், அதுவும் ஏறத்தாழ 8 குறைவு! இலைபோன்ற காபன் கொண்ட பண்டைய கடற்சேறும் ஊரிபோன்ற காபன் கொண்ட சலவைக்கல்லும் ஆழத்தில் ஒன்றோடொன்று காபனைப் பரிமாறியிருக்கலாம் என்ற வாதம் இப்படித்தான் நிற்கிறது.

ஆகவே ஆய்வாளர்கள் காரீயத்தோடு அதே நரம்பில் கிடக்கும், காபன் கொண்ட கனிமமான கல்சைற்றையும் அளக்கிறார்கள். இரண்டும் கூடவே வளர்ந்திருந்தால், அவற்றின் அளவுகளுக்கிடையிலுள்ள இடைவெளி வெப்பமானியாகிவிடும். சூடு கூடக்கூட அது சுருங்கும்.